சர்க்கரை போடாத சாஸ்

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில், நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பிய கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னிக்கும் சுகர் ஏறியிருந்தா ஊசிதான்னு டாக்டர் சொல்லிட்டாருங்க,” என்றாள் அந்தம்மா.

“தங்கச் சுரங்கத்து ஷாஃப்ட்டுல எறங்கறப்ப கூட நான் பயந்ததில்ல. ஊசின்னாதான் பயம். ஆனா எப்படி ஏறும்? வாரம் பூரா உன் பாஸ்தா சாஸுதானே?”

“ஆமா. தக்காளி, பூண்டு, மொளகு. சர்க்கரையே போடல. பாஸ்தாவும் ஒரு கைதான்.”

“பாஸ்தா யாருக்கு வேணும்? நீ வேலைக்குப் போனதும் ராகி களி கிண்டி, சாஸைத் தொட்டுக்கினேன்.”

“எத்தினி உருண்டை?”

“மூணு. களி சுகருக்கு நல்லது, சாஸும் நல்லது. சேத்து துன்னா டபுள் நல்லதுதானே?”

மனைவி அவர் தோளில் விரலால் ஊசி போட்டுக் காட்டினாள். அவர் துள்ளி எழுந்து, பெங்களூர் வருவதற்குள் சர்க்கரையைக் குறைக்கப் பெட்டிக்குள்ளேயே வேகமாக நடக்க ஆரம்பித்தார். அவர் இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன்.