மேடையில் கேட்ட பாங்கு

— பாட மாட்டன் மதினி. எத்தினை தரம் கேட்டாலும் அதுதான்.

— முதல்ல இந்த மெத்தைய ஒரு பக்கம் பிடி றஸ்னா. ஜன்னலுக்குச் சாத்தணும். பத்து மணிக்கு ரெக்கோடிங்காரன் வந்திருவான். ரோட்டுச் சத்தம் உள்ளுக்கு வந்தா மறுகா முதல்ல இருந்து பாடச் சொல்லுவான்.

— ஜுனைதா மதினி, நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுதா இல்லையா?

— கேட்டுது. பிரிஜ்ஜ நிப்பாட்டிட்டன், பேனையும் நிப்பாட்டிட்டன், வேர்த்து ஒழுகுது. இந்த வெக்கையில கிறுக்குக் கதை கதைக்காத. றேடியோவுல போகப் போற பாட்டு. மாவட்டத்துல முதலாமிடம் எடுத்த பாட்டு. அஞ்சு பொம்புளையள் எட்டு மாசமா இந்த அறைக்குள்ள கிடந்து தொண்டை கிழியப் பாடினது இந்த ஒரு நாளுக்குத்தான்.

— அந்த முதலாமிடம் நமக்கு உரியதில்ல.

— கண் பட்டுட்டு உனக்கு. மிளகாய் சுத்திப் போட்டாச் சரியாப் போகும்.

— தங்கராசா ஐயா விடியத்துல இருந்து நாலு தரம் கோல் எடுத்திட்டார்.

— ஆரு, வினாயகபுரத்துப் பொம்புளையளுக்குப் பாட்டுப் பழக்கிற அந்த மனிசனா? தோத்துப் போன ஆக்களிட்ட உன்ட நம்பர் எப்படிப் போச்சு?

— போட்டி முடிஞ்ச அண்டைக்கு நானேதான் குடுத்தன். கோல் எடுத்தா ஆன்சர் பண்ணத் தைரியமில்ல. குரல் மெசேஜ் ஒண்டு போட்டிருக்கார். ‘மரியாதை எண்டா என்ன எண்டு உங்களிட்டப் படிச்சம் மகள்’ எண்டு சொல்லுறார். அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல்ல.

— நல்ல வார்த்தைதானே சொல்லியிருக்கார். சந்தோசப்படுறத விட்டுட்டு.

— மதினி, நான் மேடையில கையத் தூக்கின நேரம் பாங்கு சொல்லல்ல.

— மெத்தைய விடாத. விழப் போகுது.

— ஒரு பள்ளிவாசல்லயும் சொல்லல்ல. மூண்டாவது சரணம், நான் தனிய எடுக்கிற இடம். வாயத் திறந்தன், வரி இல்ல. துடைச்செடுத்த மாதிரிப் போயிட்டுது. நீங்க நாலு பேரும் என்ட முகத்தையே பார்த்துக் கொண்டு நிக்கிறீங்க. மண்டபம் நிறைய சனம். இந்த அறையில பாடிப் பழகக்குள்ள பாங்கு கேட்டா என்ன செய்வம்? நான் கையத் தூக்குவன், எல்லாரும் அப்படியே நிப்பாட்டிருவீங்க. அந்தக் கை தானா எழும்பிட்டு மதினி. வெக்கத்துல எழும்பிட்டு.

— சரி, எழும்பினா எழும்பிட்டுப் போகட்டும்.

— நீங்களும் உடனே நிப்பாட்டித் தலையக் குனிஞ்சிட்டீங்க. கதவெல்லாம் பூட்டி ஏசி போட்டிருந்தாங்க, வெளிச் சத்தம் ஆருக்கும் கேட்கல்ல. என்ட காதுக்குக் கேட்டதாக்கும் எண்டு எல்லாரும் நம்பிட்டாங்க. நடுவர் மூணு பேரும் பேனாவைக் கீழ வெச்சாங்க. இரண்டாவது வரிசையில ஒரு உம்மா கண்ணைத் துடைக்கிறா. பாங்குக்குப் பதில் சொல்லுற மாதிரி நான் வாயை அசைச்சன். என்ன சொன்னன் தெரியுமா? பாட்டு வரியத் தேடித் தேடிச் சொல்லிப் பார்த்தன். மூணு நிமிசத்துல ஞாபகம் வந்துது. வந்த உடனே கைய இறக்கினன், பாங்கு முடிஞ்ச மாதிரி.

— அஸர் பாங்குக்குப் பத்து நிமிசந்தானே இருந்துது. கொஞ்சம் முந்திக் கேட்டதெண்டு வெச்சுக்க.

— அப்படி வெச்சுக்க ஏலுமா மதினி? தொழ நிண்டு தக்பீர் கட்டக் கையத் தூக்கினாக் கூசுது. மேடையில தூக்கின அதே கை. மூணு நாளா என்ட கையப் பார்க்கவே எனக்கு வெக்கமா இரிக்கி.

— தௌபா செய். அல்லாஹ் மன்னிக்கிறவன். அது உனக்கும் அவனுக்கும் உள்ள கணக்கு. அதுக்குள்ள ஏன் வினாயகபுரத்து ஆக்களை இழுக்கிறாய்?

— அவங்க இதுக்குள்ளதான் இரிக்காங்க. ‘பாங்குக்காக நிப்பாட்டினவங்க, முதல்ல இருந்து பாடட்டும்’ எண்டு நமக்கு நேரம் தந்தாங்க. நமக்கு அடுத்தது அவங்க. அவங்களும் பாதியில பாங்கு கேட்டு நிப்பாட்டினாங்க. அதுக்குள்ள நேரம் முடிஞ்சு மணி அடிச்சுட்டு. ‘எல்லாருக்கும் திருப்பித் திருப்பித் தந்தா மஹ்ரிப் தொழுகைக்கு முன்னம் முடியா’ எண்டு சொல்லி இறக்கி விட்டுட்டாங்க. என்ட பொய்ப் பாங்குக்கு நேரம் இருந்துது, அவங்கட உண்மைப் பாங்குக்கு இல்ல.

— அது நடுவர்மார்ட பிழை. நாம என்ன செய்யிற?

— தங்கராசா ஐயாட மகள் கேசினி, அந்தப் பாட்டத் தனிய எடுத்துப் பாடின புள்ள, மேடையால இறங்கி வெளிய வந்தா. நான் வேம்படியில நிண்டு அழுறன். பக்கத்துல வந்து தண்ணிப் போத்தலை நீட்டினா. பாட்டுப் பாதியில போன புள்ள, எனக்குத் தண்ணி தாறா. வாங்கிக் குடிச்சன் மதினி. வெக்கங்கெட்டுப் போய் வாங்கிக் குடிச்சன்.

— பாடி முடிஞ்ச கையோட ஏன் வெளிய ஓடினாய் எண்டு இப்பதான் விளங்குது.

— நான் வெளிய வந்து கொஞ்ச நேரத்துலதான் உண்மையான அஸர் பாங்கு சொன்னாங்க. ஒண்டுக்குப் பின்னால ஒண்டா எல்லாப் பள்ளியிலயும் சொல்லி முடிஞ்சுது. அதுக்குப் புறகுதான் வினாயகபுரத்தை மேடைக்குக் கூப்பிட்டாங்க. அவங்க பாடக்குள்ள கேட்ட பாங்கு எனக்குக் கேட்கல்ல.

— ஏதோ ஒரு பள்ளியில பிந்திச் சொல்லியிருப்பாங்க. நீ அழுத அழுகையில உனக்கு எங்க கேட்கிற? நான் முன்வரிசையில இருந்தன், எனக்கு நல்லாக் கேட்டுது. போன் அடிக்குது, ஆரு?

— அவர்தான். அஞ்சாவது தரம்.

— எடுக்காத. றஸ்னா, சொல்லுறன், எடுக்காத. போன வருசம் அவங்க பரிசு எடுத்துக் கொண்டு போகக்குள்ள நாம வெறுங்கையோட பஸ்சுல வந்தம், நீ வழி நெடுகத் தேம்பினாய். நம்மளோட பாடுற சிபானாவும் அம்ஹாவும் இப்ப வந்து கொண்டிரிக்காளுகள். நம்மளப் பாடக் கூடாதெண்டு நிண்ட மாப்பிள்ளைமாரெல்லாம் இந்தப் பரிசுக்குப் புறகுதான் வாய் மூடிக் கிடக்கிறாங்க. பொம்புளையள் மேடையில ஏறிப் பாங்கு எண்டு பொய் சொன்னாளுகள் எண்டு தெரிய வந்தா மறுகா இந்த அறைக்குப் பூட்டுத்தான்.

— தெரியும் மதினி. அதுக்குப் பயந்துதான் மூணு நாளா வாயை மூடிக் கொண்டிருந்தன். இனி ஏலா. ஸ்பீக்கர்ல போடுறன், நீங்களும் கேளுங்க. ஹலோ, ஐயா.

— ஆ, றஸ்னா மகளா? ஒருமாதிரி எடுத்திட்டீங்க. கரைவலை இழுக்கிற இடத்துல நிக்கிறன், காத்து இரையும், குறை நினைக்காதீங்க. இண்டைக்குப் பாட்டுப் பதியிறாங்க எண்டு கேள்விப்பட்டன். நல்லாப் பாடுங்க எண்டு சொல்லத்தான் எடுத்தன்.

— ஐயா, நான் ஒண்டு சொல்லணும். சொல்லி முடியும் மட்டும் ஒண்டும் கதைக்காதீங்க. அண்டைக்கு எங்கட பாட்டு நடுவுல பாங்கு கேட்கல்ல. எனக்குப் பாட்டு மறந்து போச்சு. வெக்கத்துல பொய்யாக் கையத் தூக்கினன். மத்தவங்களுக்கு அது தெரியா, பிழை முழுக்க என்னுடையது. நடுவர்மாரிட்டப் போய்ச் சொல்லப் போறன். அந்தப் பரிசு உங்களுக்கு வரட்டும். ஐயா, இருக்கிறீங்களா?

— இருக்கன் மகள். கேட்டுக் கொண்டுதான் இருக்கன்.

— என்னை ஏசுங்க ஐயா.

— ஏசி என்னகா செய்யிற? மனம் நோகுது, இல்லையெண்டு சொல்ல மாட்டன். எங்கட பொம்புளையள் கருவாடு காயப் போட்டுட்டு, கை கழுவின ஈரத்தோட வந்து பாடிப் பழகினவள்கள். ஆனா நீங்க வாய் திறந்து சொன்னீங்களே, அது பெரிசு. இன்னொண்டும் இரிக்கி. உங்களக் கண்டிருக்காட்டி எங்களுக்கு நிப்பாட்டணும் எண்டே தெரிஞ்சிருக்காது. பாங்குக்கு மேலால கத்திப் பாடியிருப்பம். அந்தப் பழியில இருந்து தப்பினம்.

— நீங்க பாங்கைக் கேட்டுத்தானே ஐயா நிப்பாட்டினீங்க?

— எங்ககா கேட்டது? கதவும் பூட்டு, எங்கட தபேலாவும் அடிக்குது. எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கல்ல. உங்களோட பாடின ஜுனைதா தங்கச்சிதான் முன்வரிசையில எழும்பி நிண்டு, நீங்க தூக்கின மாதிரியே கையத் தூக்கிக் காட்டினா. அதைக் கண்டுதான் எங்கட பொம்புளையள் சீலைத் தலைப்பைத் தலையில போட்டுக் கொண்டு பேசாம நிண்டாளுகள். அவ சொல்லாட்டிப் பெரிய பாவம் செஞ்சிருப்பம். நான் நன்றி சொன்னன் எண்டு அவவுக்குச் சொல்லிருங்க.

— சொல்லுறன் ஐயா. போனை வெக்கிறன்.

— மெத்தை சரியுது றஸ்னா. பிடி.

— மதினி, வினாயகபுரம் பாடக்குள்ள உங்களுக்குக் கேட்ட பாங்கு, அது எந்தப் பள்ளியில சொன்னது?

— உனக்குக் கேட்ட அதே பள்ளியிலதான்.