நாகரத்தினம் தாத்தா கடையைக் கொடுத்த நாள்

கடையின் பின்கதவு பச்சை நிறம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. முதலில் பார்த்தது அதைத்தான். ஆனால் பெயர், வயது, முகவரி எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று மொழிபெயர்க்க வந்திருக்கும் ஷ்யாமளா ஆன்ட்டி சொல்கிறார்.

என் பெயர் வான்மதி. வயது பதினெட்டு. தகப்பனார் பெயர் நஞ்சுண்டன், சான்டா கிளாராவில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்கிறார். நாங்கள் மில்பிடாஸில் கடைக்குப் பின் தெருவில் உள்ள அபார்ட்மென்டில் மாடியில் குடியிருக்கிறோம். சொந்த ஊர் திருப்பூர். அங்கே ஒன்பதாவது வரை படித்தேன். இங்கே வந்து சில மாதம் பள்ளிக்குப் போய் நின்றுவிட்டேன். திருமூர்த்தி அங்கிளின் மளிகைக் கடையில் பருப்பு, மசாலா எடை போட்டுப் பாக்கெட் கட்டுகிறேன். வாயால் சொல்லச் சொன்னபோது குரல் வரவில்லை. அதனால் எழுதித் தரச் சொல்லிக் காகிதம் கொடுத்தார்கள்.

நாகரத்தினம் தாத்தா திருமூர்த்தி அங்கிளின் தகப்பனார். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்க வேண்டுமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று நாளை ஆஸ்பத்திரியில் விசாரணை வைத்து முடிவு செய்யப் போகிறார்கள். அவரை அங்கே கொண்டுபோன அன்று காலை முதல் அவரோடு இருந்தது நான் ஒருத்திதான் என்பதால் என்னைக் கேட்கிறார்கள்.

1996ஆம் வருடம் மார்ச் மாதம், போன செவ்வாய்க்கிழமை தீயணைப்பு அதிகாரி ஒருவர் சீருடையில் கடைக்கு வந்தார். அரிசி மூட்டைகள் பின்கதவை மறைத்து அடுக்கியிருந்ததைப் பார்த்தார். தீப்பிடித்தால் வெளியேற வழியில்லை, மூட்டைகளை எடுத்துவிட்டுத் தெரிவித்தால் மறுபடி வந்து பார்ப்போம், அதுவரை வாடிக்கையாளர் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று சொல்லி, முன்கதவில் சிவப்புத் தாள் ஒன்றை ஒட்டி அதில் ஓர் எண்ணை எழுதினார். அங்கிள் அவரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். தாத்தா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு ஒரு துணியை எடுத்துக் கல்லாப்பெட்டியைத் துடைத்தார்.

மறுநாள் காலை மூட்டை தள்ள உதவிக்கு வரச் சொல்லியிருந்ததால் போனேன். அங்கிள் மறுபார்வைக்கு எழுதிக்கொடுக்க நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தார். அதற்குள் தாத்தா மூட்டைகளையெல்லாம் தனியாக இழுத்து முன்பக்கம் கொண்டுவந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்போதுதான் அந்தப் பச்சைக் கதவைப் பார்த்தேன்.

"அவ்வளவுதானே தாத்தா, அவங்க வந்து பார்த்துட்டா திறந்துடலாம்ல?" என்றேன்.

"நம்பர் போட்டுட்டாங்களே, பார்க்கலியா நீ?" என்றார். "நம்பர் போட்ட கடை நம்முது இல்லம்மா."

இது புரிய ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தாத்தாவுக்குப் பர்மாவில் பெகு என்ற ஊரில் மளிகைக் கடை இருந்தது. பட்டாளத்தார் ஆட்சியைப் பிடித்து, இனி சோஷலிசம், எல்லாம் மக்களுக்கே என்று அறிவித்த பிறகு, ஒரு காலையில் சீருடையில் வந்தவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு, கதவில் எண் எழுதி, அதை மக்கள் கடை ஆக்கினார்களாம். தாத்தாவையே அதில் எடை போடச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்களாம். மேலே உட்கார்ந்த பட்டாளத்துக்காரருக்குப் பெருங்காயம் என்றால் என்னவென்றே தெரியாதாம். கொஞ்ச நாளில் அலமாரிகள் காலியாகி, குலுக்கல் போட்டுச் சீட்டு விழுந்தவருக்கு ஒரு டின் பால், இன்னொருவருக்கு ஒரு குடை என்று கொடுத்தார்களாம். குடை கிடைத்தவர் வாசலிலேயே நின்று அதை எண்ணெய்க்கு மாற்றிக்கொள்வாராம். பட்டாளத்தாருக்கென்று ஒதுக்கிய சரக்கு உள்ளே இருக்கும்போதே, வருடக்கணக்காகத் தன்னிடம் வாங்கியவர்களின் முகத்தைப் பார்த்துத் தாத்தா இல்லை என்று சொல்ல வேண்டியிருந்ததாம். இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. யாராவது ஒரு சாமானைக் கேட்டு இல்லையென்று திரும்பிப் போனால், அப்போது ஒரு வரி சொல்வார்.

அன்று தாத்தா எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டார் என்று அங்கிள் சொல்லியிருப்பதாக ஆன்ட்டி படித்துக் காட்டினார். அது அப்படியில்லை. "தாத்தா, இது அமெரிக்கா" என்று நானே சொன்னேன்.

"தெரியும்டி. பாக்கெட்ல க்ரீன் கார்டு வெச்சிருக்கேன், எடுத்துக் காட்டட்டுமா? யூனிஃபார்ம் எல்லா ஊர்லயும் யூனிஃபார்ம்தான். அங்கயும் சரக்கைச் சரிபார்த்துட்டு சாவியைத் திருப்பித் தர்றோம்னாங்க. நானும் நம்பி டீ வாங்கிக் குடுத்தேன். இந்தத் தடவை அவங்க எடுக்கிறதுக்கு முன்னாடி நானே நம்ம ஜனங்களுக்குக் குடுத்துடறேன்" என்றார்.

அதன் பிறகு வாசலுக்கு வெளியே மேசை போட்டு, தராசைக் கொண்டுவந்து வைத்தார். யாரையும் உள்ளே விடக்கூடாது என்ற உத்தரவு அவருக்கு நினைவிருந்தது. கடைசிவரை யாரையும் விடவில்லை. அதன் பிறகு வாடிக்கைக்காரர்களுக்கு போன் செய்தார். எண்களை எதையும் பார்க்காமல் அழுத்தினார். நான் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தேன், அவர் எடை போட்டுக் கொடுத்தார். அரிசி, துவரம்பருப்பு, புளி, எண்ணெய். காசு வாங்கவில்லை.

வாரா வாரம் சாமான் வாங்க வரும் பிரீத்தி ஆன்ட்டி பையை வாங்கத் தயங்கி, "ஃப்ரீயா? என்ன அங்கிள், எக்ஸ்பயரி ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"சாமானுக்கு ஆகலம்மா. எனக்குத்தான் ஆகியிருக்கும், தேதி எங்க போட்டிருக்குன்னு தெரியல" என்றார் தாத்தா. எல்லாரும் சிரித்தார்கள்.

வேனில் வந்த பாலசுப்ரமணியன் என்பவர் பத்து மூட்டை கேட்டார். "போன மாசம் வீட்ல ரெண்டு பேர் இருந்தீங்க. அதுக்குள்ள கல்யாண மண்டபமா ஆக்கிட்டீங்களா?" என்று கேட்டு, தாத்தா ஒரு சின்னப் பை மட்டும் கொடுத்தார். வரிசை பார்க்கிங் வரை போனது.

யார் தகவல் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. போலீஸ்காரர்கள் இருவர் வந்தார்கள். அதே நேரத்தில் அங்கிளும் வந்துவிட்டார்.

"என்னப்பா பண்றீங்க? மூட்டையை நகர்த்தினா போதும்னுதானே சொன்னாங்க! இது என் கடைப்பா!" என்றார்.

"நேத்து வரைக்கும் உன் கடைதான்டா" என்றார் தாத்தா.

அதன் பிறகு போலீஸ்காரர் பக்கத்தில் வந்ததும், தாத்தா கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் தானாகவே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கைகளைத் தொங்கவிட்டு நின்றார். அதைப் பார்த்துத்தான் அவர்கள் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். பர்மாவை விட்டு வந்தபோது ரங்கூனில் கப்பல் ஏறியவர்களின் கடிகாரம், மோதிரமெல்லாம் பட்டாளத்தார் பிடுங்கிக்கொண்டார்கள் என்றும், முன்னதாகவே கழற்றி வைத்தவர்கள்மேல் கை வைக்கவில்லை என்றும் தாத்தா என்னிடம் சொல்லியிருக்கிறார். அதை அப்போது இங்கிலீஷில் சொல்ல எனக்கு வரவில்லை.

ஆம்புலன்ஸுக்குள் ஏற்றும்போது அங்கிள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வான்மதி, யார் கேட்டாலும் அப்பாவுக்கு மெமரி போயிடுச்சுன்னு சொல்லிடும்மா. ஆர்டரை மீறினாருன்னு கேஸ் போட்டா இந்த வயசுல அவரை என்னால கோர்ட்டுக்கு அலைய வெக்க முடியாது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

தாத்தா நினைத்தது தவறு. கடையை யாரும் எடுத்துக்கொள்ள வரவில்லை. ஆனால் அவருக்கு நினைவு தெளிவாக இருந்தது. அதை மாற்றி என்னால் எழுத முடியாது.

அதன் பிறகு ஆம்புலன்ஸ் போனது. அங்கிள் காரில் பின்னால் போனார். போலீஸ்காரர்கள் தங்கள் காருக்கு அருகே நின்று ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் போவதா நிற்பதா என்று தெரியாமல் என்னையே பார்த்தார்கள். நான் மேசைக்குப் பின்னால் போய் நின்று, அடுத்தது யார் என்று கேட்டேன்.

இதை எழுத யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கையால் செய்ததையும் மட்டும் எழுதியிருக்கிறேன். ஷ்யாமளா ஆன்ட்டி திரும்பப் படித்துக் காட்டினார், எல்லாம் உண்மை.

ந. வான்மதி