வைஃபை பெட்டியில் நான் சேர்த்த எண்

வயது முப்பத்தெட்டு. பெயரையும் முகவரியையும் தனியே கொடுத்துள்ளேன். கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கைது செய்யப்பட்டிருப்பவர் என் உடன்பிறந்த தம்பி. அவர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் என் கணவர் கணினிப் பிரிவின் பொறுப்பாளர். பொறுப்பு என்பது பதவியின் பெயரில் மட்டும்தான். இதை நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளவும்.

சென்ற மாதம் மேலாளர் பதவி தம்பிக்குக் கிடைத்ததிலிருந்து என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடந்த வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தார். இணையம் வராததால் என்னைப் பார்த்துக் கத்தினார். ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று தனி அடையாள எண் உண்டு; எங்கள் வைஃபை பெட்டி, அந்த எண்ணைப் பதிந்த கருவிகளை மட்டுமே உள்ளே விடும். பக்கத்து வீட்டார் ஓசியில் பார்த்துவிடுவார்கள் என்று அந்தப் பூட்டைப் போடச் சொன்னவர் அவரே. நான் மடிக்கணினியின் மேக் முகவரியை எடுத்துப் பார்த்ததில் அது மாறியிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல புது கார்டு போட்டாங்க. பெரிய மேதாவி மாதிரி கேள்வி கேக்காம சேத்து விடு" என்றார். நானும் அந்த எண்ணைச் சேர்த்துவிட்டுச் சாப்பாடு எடுத்து வைத்தேன்.

அதன் பிறகு திங்கட்கிழமை தம்பியைக் கைது செய்தீர்கள். வெள்ளியன்று சம்பளக் கோப்புகளை அழித்தது தம்பியின் கணினிதான், மேக் முகவரியை மாற்றவே முடியாது என்று ஆய்வாளர் ஐயா கூறினார். அப்படிச் சொல்லிக்கொடுத்தது என் கணவர். அந்த நேரம் தான் கூட்டத்தில் இருந்ததாகவும் கணினியை அணைத்திருந்ததாகவும் தம்பி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கணினியின் அமைப்புகளில் பன்னிரண்டு எழுத்தைத் தட்டினால் வேறொரு கணினியின் முகவரியைப் போட்டுக்கொள்ளலாம். அணைத்துப் போட்டால் பழைய எண் தானாக வந்துவிடும் என்று எங்கள் பொறுப்பாளர் நினைத்திருக்கிறார்; வரவில்லை. தம்பியின் கணினி எண் என்று ஐயா காட்டியதும் நான் வீட்டில் சேர்த்த எண்ணும் ஒன்றே.

அதன் பிறகு வீட்டுக்குப் போய் அவரிடம் கேட்டேன். அவர் வெட்கப்படவில்லை.

"உன் தம்பி ரெண்டு மாசம் உள்ள இருந்தா ஒண்ணும் கொறஞ்சிடாது. எனக்கு வேலை போனா நீயும்தான் தெருவுல நிப்ப" என்றார்.

இப்படி ஒரு ஆளுக்குப் பதினான்கு வருடம் சோறு போட்டிருக்கிறேன் என்று அருவருப்பாக இருந்தது. அவர் குளிக்கப் போனதும் மடிக்கணினியையும் வைஃபை பெட்டியையும் எடுத்துவந்து ஒப்படைத்துள்ளேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, எல்லாம் உண்மை. கையொப்பத்தின் கீழ் கணவர் பெயரை எழுதச் சொன்னார்கள். தந்தை பெயரை எழுதியுள்ளேன்.

(கையொப்பம்)