கம்ப்யூட்டருக்குக் கட்டிய படங்கு

ஹட்டனிலிருந்து கொட்டகலைக்குப் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை.

"கம்ப்யூட்டருக்குப் படங்கு கட்டிவிட்ட மனுசன் இந்த ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்," என்றாள் மனைவி.

"மெதுவாப் பேசு. ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். நான் மழைக்கு இடுப்புல கட்டிக்கிட்டுக் கொழுந்தெடுக்கப் போற படங்க உருவிக் கம்ப்யூட்டர் பெட்டிக்குக் கட்டினா, நான் எதக் கட்டிக்கிட்டு மலைக்குப் போறது? நேத்து பாவாடையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருச்சு."

"அது இப்ப காட்போட் பெட்டிதானே? பனிமூட்டத்துல ஊறிப்போகுது."

"கம்ப்யூட்டரோட வந்த இரும்புப் பெட்டியக் கழட்டிட்டு காட்போட்ல செய்யச் சொன்னது யாரு? அது நல்லாத்தானே இருந்துச்சு?"

"தொட்டா ஷொக் அடிச்சிச்சே! புள்ள கைய ஒதறிக்கிட்டு அழுதது மறந்துபோச்சா?"



"அதுக்கு, கரண்ட் வேலை தெரிஞ்ச ஆளக் கூட்டியாந்து லயத்து வீட்டு வயரப் பார்க்கச் சொல்லணும். இப்ப படங்கால மூடி வச்சா சூடாகி நின்னுருது, தொறந்து வச்சா ஊறிப்போய்ச் சாயுது. புள்ள ஒரு கையால பெட்டியப் புடிச்சுக்கிட்டு மறு கையால டைப் பண்ணுது."

"சரி சரி," என்று அவர் பையிலிருந்து புத்தம்புது பொலித்தீன் படங்கு ஒன்றை எடுத்துக் காட்டினார்.

அவள் குரல் இறங்கியது. "எனக்கா?"

"பெட்டிக்கு. ஒன்னோடதுல ஓட்ட இருக்கு, தண்ணி எறங்குது. அத நீயே எடுத்துக்க."

கொட்டகலையில் பஸ் நின்றது. அவள் புதுப் படங்கைப் பிடுங்கித் தலையோடு போர்த்திக்கொண்டு இறங்கினாள். அவர் வெறும் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் ஓடினார்.