விடுமுறைச் சோறு

— அடியில ஒட்டினதைச் சுரண்டிக்கிட்டு நிக்காதே தங்கச்சி. சமையல் கூடத்துல ஊறப் போட்டுக்குவாங்க. அப்படியே வண்டியில ஏத்து.

— பால் கொஞ்சம் மிச்சமிருக்குண்ணே.

— ஊத்திடு. மிச்சத்தைத் திருப்பிக் கொண்டு வராதேன்னு போன வாரமே சொல்லிட்டாங்க.

— ஊத்திட்டேன்.

— சும்மா சொல்லக் கூடாது, நீ ஒருத்திதான் மூஞ்சியைச் சுளிக்காம ஊத்தறே. மத்த இடத்துலயெல்லாம் வண்டிக்காரன் என்னைப் பிடிச்சு வச்சு ஒரு பாட்டம் அழுதுட்டுத்தான் ஊத்துவாங்க. நான் என்னவோ அந்தச் சட்டத்தைப் போட்டவன் மாதிரி.

— முதல் வாரம் எனக்கும் பதறுச்சு. இப்ப ஒண்ணும் தோணறதில்ல. அந்த நாற்காலியை எடுத்து மேஜை மேல கவுத்துங்க, கூட்டணும்.

— இன்னைக்குக் கூட்டம் எப்படி?

— வந்துச்சுங்க. பள்ளிக்கூடம் நடக்கறப்போ வாசல் பக்கம் எட்டிப் பாக்காததுங்க கூட லீவுல மணி அடிச்ச மாதிரி வந்து நிக்குது. கரும்பலகையில கடைசி நாள் கணக்கு இன்னும் அழியாம இருக்கு. அதைப் பாத்துக்கிட்டே சாப்பிடுதுங்க.

— உன் பிள்ளைங்க எங்க சாப்பிடுது? இங்கேயே கூட்டிட்டு வந்துடலாம்ல?

— வேலை பாக்கறவங்க பிள்ளைங்களை இங்க கூட்டி வரக் கூடாதுன்னு சேரும்போதே சொல்லிட்டாங்க. ரெண்டு பஸ் மாறணும் வேற. காலையிலேயே ஆக்கி மூடி வச்சிட்டு வந்துடுவேன். பெரியவ போட்டுக் குடுப்பா.

— எத்தனை வயசு?

— பதினொண்ணு. சின்னவனுக்கு ஆறு.

— குடுத்து வச்ச பிள்ளைங்க. சாயங்காலம் வீட்டுக்கு வர்றதுக்கு ஒரு அம்மா இருக்கா. நூலகத்துக்குப் பின்னாடி ஹால் இருக்குல்ல, என்னோட மூணாவது இடம், அங்க வருது பாரு ஒரு ஜோடி. அக்காவும் தம்பியும். என்னத்தச் சொல்ல. நானும் எத்தனையோ பிள்ளைங்களைப் பாத்துட்டேன். இதுங்களைப் பாத்தா ஸ்டியரிங் பிடிக்கக் கை வர மாட்டேங்குது.

— ஏன், என்ன?

— அம்மா இல்ல. அந்தப் பொண்ணு வந்த முதல் நாளே சொல்லிடுச்சாம். அழல, மூக்கை உறிஞ்சல. பஸ் போயிடுச்சுன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டுத் தட்டை நீட்டுச்சாம். அங்க பரிமாற வர்ற டீச்சரம்மா வேலையிலேர்ந்து ஓய்வு வாங்கினவங்க, பாவம், அன்னைக்குப் பூரா அவங்களால சாப்பிட முடியலையாம்.

— ம்.

— அந்தப் பையன் இருக்கானே, தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டினா தொட மாட்டான். அக்காக்காரி ரொட்டித் துண்டை நடுவுல நிறுத்தி சுவர் கட்டுவா. இந்தப் பக்கம் சோறு, அந்தப் பக்கம் காய். அவன் முடிச்ச பிறகுதான் அவ தட்டுல கை வைப்பா. சும்மா சொல்லக் கூடாது, பெத்தவ கூட அப்படிப் பாத்துக்க மாட்டா.

— ரொட்டியாலயா கட்டுவா?

— ரொட்டியாலதான். இன்னைக்கு அவனுக்குக் காதுவலி போல. பஞ்சு வச்சிருந்துச்சு.

— எந்தக் காதுல?

— என்னது?

— பஞ்சு. எந்தக் காதுல?

— இடது... ஆமா, இடது காதுதான். என் பக்கம் திரும்பித்தானே உக்காந்திருந்தான். ஏன் கேக்கறே?

— சும்மா கேட்டேன். சொல்லுங்க.

— அப்பன் ஒருத்தன் இருக்கானாம். என்ன வேலை, எப்ப வர்றான், ஒண்ணும் வாயைத் திறக்க மாட்டேங்குதாம் அந்தப் பொண்ணு. டீச்சரம்மாவும் எவ்வளவு நாள் பொறுப்பாங்க? பிள்ளைங்களைப் பாத்துக்கற ஆபீஸுக்குப் போன் பண்ணிட்டாங்க. நாளைக்கு மத்தியானம் ஆள் வருது. அனேகமா விடுதியில சேத்துடுவாங்க. பையன் ஒரு பக்கம், பொண்ணு ஒரு பக்கம். அதுவும் நல்லதுக்குத்தானே? என்ன தங்கச்சி, கூட்டறதை நிறுத்திட்டே?

— அந்த டீச்சரம்மா போன் நம்பர் உங்ககிட்ட இருக்காண்ணே?

— இருக்கு. எதுக்கு?

— கூப்பிட்டுச் சொல்லுங்க. அந்தப் பிள்ளைங்களுக்கு அம்மா இருக்கா.

— உனக்கு எப்படித் தெரியும்?

— அந்தப் பஞ்சை வச்சது நான்தான்.

*

— துணி எடுக்கவா மொட்டை மாடிக்குக் கூப்பிட்டே? நானே எடுத்திருப்பேனேம்மா.

— சின்னவன் எங்கே?

— கீழ, பூனை கிட்ட.

— காதுல பஞ்சு இருக்கா?

— இருக்கு. ரெண்டு தடவை விழுந்துச்சு. வேற வச்சு விட்டேன்.

— நூலக ஹால்லயும் விழுந்துச்சா? இந்தப் போர்வையோட அந்த முனையைப் பிடி. மடிக்கணும். கேக்கறேன்ல?

— யார் சொன்னா?

— வண்டிக்காரர்.

— அவருக்கு நம்மளத் தெரியாதே.

— இப்பத் தெரியும்.

— அடிக்கப் போறியா?

— ரெண்டு கையிலயும் துணி இருக்கு. எதை வச்சு அடிக்க? இப்படித் திருப்பிப் பிடி. நான் செத்துப் போயிட்டேன்னு சொன்னியாமே.

— செத்துப் போயிட்டேன்னு சொல்லல. இல்லன்னுதான் சொன்னேன். அவங்களா அப்படி எடுத்துக்கிட்டாங்க.

— நீயும் அதை மறுத்துச் சொல்லல.

— சொல்லல.

— ஏன்டி?

— அந்த டீச்சரம்மா, உங்க அம்மா என்ன வேலை பாக்கறாங்கன்னு கேட்டாங்க. லீவு விட்ட பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போடறாங்கன்னு சொன்னா, அப்ப உங்களுக்கு ஏன் போடலன்னு கேப்பாங்கல்ல? ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் போட்டுட்டு எங்களை நீ பட்டினி போடறேன்னு நெனச்சுப்பாங்க. அதான் இல்லன்னு சொன்னேன். அவ்வளவுதான்.

— சொல்றப்போ உனக்கு என்ன தோணுச்சு?

— ஒண்ணும் தோணல.

— ஒண்ணுமேவா?

— தட்டைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் முட்டை குடுத்தாங்க.

— சின்னவன்?

— அவன் கிட்ட, அது விளையாட்டு, அங்க மட்டும்தான் அம்மா கிடையாது, தெருமுனை திரும்பினதும் இருக்காங்கன்னு சொல்லி வச்சேன். தெருமுனை வந்ததும் தெனமும் கேப்பான், இப்ப அம்மா இருக்காங்களான்னு. இருக்காங்கடான்னு சொல்லுவேன். அழறியாம்மா?

— இல்ல. அழுகை வரல. அந்தக் கிளிப்பை எடுத்துக் கூடையில போடு. நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து ஆள் வரும். நானும் லீவு சொல்லிட்டு உங்க கூட அங்க வர்றேன்.

— வேணாம்மா. நீ வந்தா நான் பொய் சொன்னேன்னு தெரிஞ்சிடும். சாப்பாட்டை நிறுத்திட்டா?

— யாரும் நிறுத்த மாட்டாங்க. பிள்ளைன்னு வந்து நின்னா போடணும், அவ்வளவுதான் அங்க சட்டம்.

— அம்மா இருந்தாலுமா?

— இருந்தாலும்தான். நான் போடற இடத்துல முக்காவாசிப் பிள்ளைங்களுக்கு அம்மா இருக்கா.

— அப்ப நான் வீணாத்தான் சொன்னேனா?

— வீணாத்தான். அது போகட்டும். நான் காலையில ஆக்கி வச்சிட்டுப் போறேனே, அந்தச் சோறு என்ன ஆகுது? வீட்டுக்கு வந்து பாத்தா பாத்திரம் கழுவிக் கவுத்தியிருக்கு. பிள்ளைங்க சாப்பிட்டுச்சுங்க, பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சுன்னு நானும் நெனச்சுக்கிட்டிருந்தேன். கொட்டறியா?

— கொட்டலம்மா. சத்தியமா கொட்டல.

— பூனைக்குப் போடறியா?

— இல்ல.

— பின்னே?

— சொன்னா நீ யாரையும் திட்டக் கூடாது.

— திட்டல. சொல்லு.

— அப்பாவையும் திட்டக் கூடாது.

— சொல்லு.

— அப்பா வேலைக்குப் போறதில்லம்மா. லீவு விட்டதிலேர்ந்தே போறதில்ல. நீ பஸ் ஏறினதும் திரும்பி வந்துடுவாங்க. சட்டையைக் கூடக் கழட்டாம சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாங்க. முதல் நாள் உடம்பு சரியில்லையாப்பான்னு கேட்டேன். இல்லம்மான்னாங்க. அப்புறம் நான் கேக்கல. நீ வர்ற நேரத்துக்கு எழுந்து தெருமுனைக்குப் போயிட்டு, வேலையிலேர்ந்து வர்ற மாதிரி வருவாங்க.

— உங்க அம்மா கிட்டச் சொல்லாதேன்னு சொன்னாரா?

— ஒண்ணுமே சொல்லல. நானாத்தான் சொல்லல. அச்சாபீஸ்ல இருந்தா அங்க கேன்டீன்ல சாப்பிடுவாங்க. இப்ப எங்க சாப்பிடுவாங்க? நீ வச்சிட்டுப் போனது எங்களுக்குத்தானே. அதைத் தின்னுட்டா அப்பாவுக்கு என்ன இருக்கும்? அப்பத்தான் கீழ் வீட்டு அக்கா சொன்னாங்க, நூலக ஹால்ல சும்மா போடறாங்கன்னு. அதான் சின்னவனைக் கூட்டிட்டுப் போயிட்டேன். அப்பா கிட்ட நாங்க சாப்பிட்டாச்சுப்பான்னு சொல்லிடுவேன்.

— அதுக்கு அவர்?

— சரின்னுவாங்க. நாங்க திரும்பி வர்றப்போ பாத்திரம் கழுவிக்கிட்டிருப்பாங்க. ஒரே பாத்திரத்தை ரொம்ப நேரம் கழுவுவாங்கம்மா. தண்ணி பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கும். நான் போய்க் குழாயை மூடுவேன்.

— ம்.

— திட்ட மாட்டேன்னு சொன்னேல்ல?

— திட்டல. இதைப் பிடி. அப்பா சட்டை. அதோட கையைப் பாரு.

— என்னம்மா இருக்கு? சுத்தமாத்தான் இருக்கு.

— அதைத்தான் சொல்றேன். கல்யாணமான நாளிலேர்ந்து இந்தச் சட்டைக் கையில இருக்கற அச்சு மையை நான் தேய்க்காத நாள் இல்ல. எந்த சோப்புக்கும் போகாது. லீவு விட்டதிலேர்ந்து மையே இல்ல. துவைக்கறவளுக்குத் தெரியாதா?

— உனக்குத் தெரியுமா?

— தெரியும்.

— எப்பலேர்ந்து?

— முதல் சட்டையிலேர்ந்து.

— அப்ப ஏன் அப்பா கிட்ட நீ கேக்கல?

— அவரா சொல்லட்டும்னு இருந்தேன். நானா கேக்கட்டும்னு அவர் இருக்கார் போல. நீயும் ஒரு பக்கம் வாயை மூடிக்கிட்டே. ஒரே ரூம்ல படுக்கறோம் நாலு பேரும்.

— நாளைக்கு அப்பாவும் ஹாலுக்கு வரணுமா?

— வரணும். ரெண்டு பேரும் வந்து நின்னாத்தான் அந்த ஆபீஸ்காரங்க நம்புவாங்க.

— அப்பா கிட்ட யார் சொல்றது?

— நான்தான் சொல்லணும். துணியைக் கீழ வச்சிட்டுச் சொல்றேன்.

— சத்தம் போடாம சொல்லும்மா. அப்பாவுக்கு இப்பல்லாம் எதுவும் பிடிக்கறதில்ல. சாப்பிடறது கூடப் பிடிக்கறதில்ல போல. தெனமும் கொஞ்சூண்டுதான் போட்டுக்குவாங்க. மீதி அப்படியே இருக்கும், தட்டு போட்டு மூடி வச்சிருப்பாங்க. நீ பாத்தா கேப்பேன்னு அந்த மீதியை நானும் சின்னவனும் சாயங்காலம் சாப்பிட்டுடுவோம். அப்புறம் அதையும் அப்பாவே கழுவி வச்சிடுவாங்க.

— அது மீதி இல்லடி, உங்க பங்கு. தெனமும் நான் அப்பாவையும் சேத்து மூணு பேருக்குத்தான் ஆக்கி வச்சிட்டுப் போனேன்.