போ தாயி

கரிசல் தூசி கணினிக்கு ஆகாது. ஆனி, ஆடியில் காற்று எழும்பினால் கோவில்பட்டியில் சாத்திய ஜன்னல் வழியாகவும் மண் வந்துவிடும். அதனால்தான் இயந்திரத்தை என் கம்ப்யூட்டர் சென்டரின் உள்ளறையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வைத்திருந்தேன். சங்கத்துப் பெண்கள் நினைத்ததுபோல அதை என் பிடியில் வைத்துக்கொள்வதற்காக அல்ல. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

சங்கம் என்றால் பாலியல் தொழில் செய்யும் பெண்களின் சங்கம். பகலில் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவர்களும் அதில் உண்டு. முன்பெல்லாம் பேருந்து நிலையத்தில் நின்று, லத்தியடி வாங்கி, கிடைத்ததில் பாதியைப் புரோக்கரிடம் கொடுத்தவர்கள். கைப்பேசி வந்ததும் புரோக்கர் ஒழிந்தான். யாரிடம் போவது, யாரிடம் போகாமலிருப்பது என்று அவர்களே முடிவு செய்யத் தொடங்கினார்கள். ஆனால் போனில் வரும் குரலை வைத்து ஆள் எப்படிப்பட்டவன் என்று சொல்ல முடியாதே. சங்கத் தலைவி வெள்ளைத்தாயம்மாள் இரண்டாயிரத்து ஆறில் இதற்கு வழி கேட்டுத்தான் என்னிடம் வந்தார். ஆட்களைப் பற்றி எழுதி வைத்தால் போலீஸ் கையில் சிக்கும். எழுதி வைத்தாலும் பலருக்கு வாசிக்கத் தெரியாது.

அதனால் பேசும் இயந்திரம் ஒன்று செய்தேன். ஒரு பழைய கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு. கூப்பிட்ட ஆளின் எண்ணை அந்தப் பெண் தன் போனில் அழுத்த வேண்டும். அவனைப் பற்றிக் குறை எதுவும் பதிவாகவில்லையென்றால், முன்பே பதிந்து வைத்த வெள்ளைத்தாயம்மாளின் குரல் “போ தாயி, ஒண்ணும் தப்பா வரல” என்று சொல்லும். குறை இருந்தால் “போகாத தாயி” என்று சொல்லும். குறை சொல்கிறவளும் போனிலேயே சொல்லிவிடலாம். வேறெங்கும் இப்படி ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பதிவுகளைக் கேட்பதில்லை என்று நான் வாக்குக் கொடுத்திருந்தது உண்மைதான். ஆனால் கேட்காமல், ஒழுங்காகப் பதிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாவற்றையும் கேட்டேன். சிலவற்றைத் திரும்பவும் கேட்டேன்.

பூங்கொடி என்னிடம் தமிழ் டைப்பிங் படிக்க வந்தவள். சங்கத்து உறுப்பினர். சில மாதங்களிலேயே கணினியின் மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டும் அளவுக்கு வந்துவிட்டாள். என்னிடம் படித்தவர்களில் அவளைப்போல் வேறொருவர் இல்லை. தொழிலை விட்டுவிடு, இங்கேயே வேலை தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அதில் தவறான எண்ணம் ஏதுமில்லை.

“வேலை தாங்க அண்ணாச்சி, வாரேன்” என்றாள். “அத விடுறதா வேண்டாமாங்கறத நான் பாத்துக்கிடுதேன்.”

நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் நிறையப் படிப்பவன். பனி பெய்யும் ஊர்களில், படித்த இளைஞன் ஒருவன் இப்படிப்பட்ட பெண்களைக் காப்பாற்றுவான். அவள் அவன் கையைப் பற்றிக்கொண்டு அழுவாள். காப்பாற்ற வந்தவனிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் பெண்ணை அந்த நாவல்களில் நான் பார்த்ததில்லை. பூங்கொடி அதையும் கேட்டாள்.

போன வருடம் சங்கக் கூட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். இயந்திரத்தைச் சங்கத்து அறைக்கே கொண்டுபோகப் போவதாகவும், பூங்கொடி அதைப் பார்த்துக்கொள்வாள் என்றும் சொன்னார்கள். கடவுச்சொல்லையும் மாற்றிவிடுவார்களாம்.

“எங்க பேச்சு எங்களத் தவிர யாருக்கும் கேக்கக் கூடாது அண்ணாச்சி” என்றாள் பூங்கொடி. “உங்களயும் சேத்துத்தான் சொல்லுதேன். கோவிச்சுக்கிடாதிய.”

“என் மேல் நம்பிக்கை இல்லையா?” என்றேன்.

வெள்ளைத்தாயம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். “நம்பிக்கைக்கு என்ன தம்பி கொறச்சல். வீடு கட்டிக் குடுத்த கொத்தனாரு நல்ல மனுசந்தான். அதுக்காக அவரு அடுப்பங்கரையிலயே உக்காந்திருக்க முடியுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். “ஏட்டி, அண்ணாச்சிக்கு ஒரு காப்பித்தண்ணியக் குடுத்து அனுப்புங்கட்டி” என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். கோபம் எதுவும் வரவில்லை. இயந்திரத்தை எடுத்துச் செல்ல ஆடி கழியட்டும் என்று கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். அவர்களால் அதை நடத்த முடியாது என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சொல்லிப் புரியவைக்க முடியாததைச் சில சமயம் காட்டித்தான் புரியவைக்க வேண்டும்.

உங்களிடம் இப்போது பிடிபட்டிருக்கும் லாரிக்காரனின் எண் இயந்திரத்தில் இருந்தது. அவனைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் குறை சொல்லியிருந்தார்கள். சாத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கயிற்றால் நெரிபட்டுச் சரியாகப் பேச வராத தொண்டையோடு பதிந்திருந்தாள். அதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பதிவு தெளிவாகவே இருந்தது.

அந்த எண்ணுக்கு உரிய பதிலை மாற்றினேன். சிறிய மாற்றம்தான். “போகாத தாயி” என்று வர வேண்டிய இடத்தில் “போ தாயி” என்று வரும்.

எல்லோருக்கும் அல்ல. பூங்கொடியின் கைப்பேசியிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும். மற்றவர்களுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

ஆடி கழியும் முன்பே ஒரு நாள் மத்தியானம், நான் இயந்திரத்தின் அருகில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் எண் திரையில் வந்தது. அவன் எண்ணை அழுத்தினாள். பதிலைக் கேட்டாள். வைத்துவிட்டு மறுபடியும் அழைத்தாள். அவள் எதையும் சரிபார்க்காமல் செய்கிறவள் அல்ல. இரண்டாவது முறையும் வெள்ளைத்தாயம்மாளின் குரல் அதையேதான் சொன்னது. ரிசீவர் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துப் பேசியிருக்கலாம்தான். ஆனால் நடுவில் நான் பேசினால், இயந்திரம் தானாக இயங்குகிறது என்று நான் சொன்னது பொய்யாகிவிடும்.

எப்போதும்வென்றான் ஊருக்குப் பிரியும் விலக்கு தாண்டி, பருத்திக் காட்டு ஓரத்தில் அவளைக் கண்டெடுத்தீர்கள். அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பயம், ஒரு காயம், அவ்வளவே போதுமானதாக இருந்தது. பேச வராத தொண்டையோடு திரும்பியிருந்தால்கூட அவளை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அவள் கொஞ்சம் போராடியிருப்பாள் என்று நினைக்கிறேன். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அவளுடைய எண் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் அவனை அடித்துக் கேட்டதாகச் சொன்னார்கள். அவனுக்குத் தெரியாது. வேறு பெயரில் சிம் வாங்கி, அவனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது நான்.

என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. இயந்திரம் ‘போ’ என்றதைப் பூங்கொடி சங்கத்தில் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். துட்டி கேட்க அவள் வீட்டுக்குப் போனபோது வெள்ளைத்தாயம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். “எங்கொரலே அவளப் போன்னு சொல்லிட்டே தம்பி” என்றார். இனி இயந்திரத்தை நீயே பார்த்துக்கொள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அதற்கு மாறாக, அது இனி வேண்டாம் என்று சங்கமே முடிவு செய்துவிட்டது. இப்போது யாரும் அதற்கு அழைப்பதில்லை. எதையும் விசாரிக்காமல் வண்டி ஏறுகிறார்கள். போன வாரம் மணியாச்சிப் பக்கம் ஒருத்திக்குக் கை முறிந்தது. அவன் எண் இயந்திரத்தில் இருந்தது. அவள் கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும்.

நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காகத்தான், சார். இயந்திரத்தில் கோளாறு என்று ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அதில் ஒரு பிழையும் இல்லை. நான் சொல்லச் சொன்னதைத்தான் அது சொன்னது. இதை வெள்ளைத்தாயம்மாளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர்கள் பயப்பட இனி எதுவும் இல்லை. நான் வெளியே வரும்வரை அதில் யாரும் கை வைக்காமல் இருந்தால் போதும். பிறகு, முன்போலவே, அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.