இரண்டு வழக்கும் ஒரு கண்ணும்

டீ வேண்டாம் ஐயா. போடியில் பிறந்து வளர்ந்தவன்தான், ஆனாலும் ஏலக்காய் போட்ட டீ எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, நெஞ்சைக் கரிக்கும். தண்ணீர் போதும்.

கருப்பம்மாள் வழக்கைப் பற்றி விசாரிக்கத்தானே கூப்பிட்டிருக்கிறீர்கள். இந்த விஜயபாண்டி எதையும் மறைத்தான் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆறு வருடம் இந்த மாவட்டத்தில் அரசு வழக்கறிஞராக இருந்தவன் நான். கேள்வி கேட்டுக் கேட்டு ஒருவனிடமிருந்து உண்மையை இழுப்பது எவ்வளவு சலிப்பான வேலை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு அந்தச் சிரமம் வைக்காமல் நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மாதம். மலையில் ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமாக இருந்த நேரம். போடிமெட்டு ஏறுகிற வளைவு ஒன்றில் கூலியாட்களை ஏற்றிப்போன ஜீப் உருண்டது. ஒன்பது பேர் போக வேண்டிய வண்டியில் பதினெட்டுப் பேர். சுஜிதா என்ற பெண் அந்த இடத்திலேயே இறந்துபோனாள், இருபது வயது. அவளுடைய அம்மாதான் கருப்பம்மாள். சிலமலைப் பக்கம் வீடு. தாயும் மகளும் ஒரே எஸ்டேட்டில் காய் பறித்தவர்கள். அன்றைக்குக் காய்ச்சல் என்று தாய் மட்டும் வீட்டில் இருந்துவிட்டார்.

அந்த ஜீப் தங்கபாண்டியனுடையது. அப்போது ஆளுங்கட்சியில் ஒன்றியச் செயலாளர். என்னை இந்தப் பதவிக்குப் போடச் சொல்லி மேலே கடிதம் கொடுத்தவரும் அவர்தான். நீங்கள் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தம் கிடையாது.

மகளை அடக்கம் செய்த ஐந்தாம் நாள் காலையில், கருப்பம்மாளும் எழுபது எண்பது பெண்களும் மலையடிவாரத்தில் நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். மேலே போகிற வண்டிகள் அத்தனையும் நின்றன. யாரோ ஒரு மைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் பேசியதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்.

“பிரேக்கு சரியில்லேன்னு எம்மக ரெண்டு தடவை சொன்னா. ஏறுனா ஏறு, இல்லாட்டி வேற சோலி பாருன்னு சொன்னாங்க. அது தங்கபாண்டியன் ஜீப்பு. பேரைச் சொல்றதுக்கு எனக்கு என்ன பயம்? எனக்கு நஷ்டஈடு வேணாம். மலைக்கு ஒரு பஸ்சு விடுங்க. அது வர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.”

பதினொரு மணிக்குத் தங்கபாண்டியனின் ஆட்கள் முப்பது பேர் வந்தார்கள். ரோட்டை ஒழுங்கு பண்ணத்தான் வந்தோம் என்று பிற்பாடு சொன்னார்கள். கல் பறந்தது. சுருளிவேல் என்ற ஜீப் டிரைவர், வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்களுக்குத் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தவர், முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். இடது கண் போய்விட்டது.

போலீஸ் இரண்டு வழக்குப் போட்டது. கல் எறிந்து கண்ணைக் குருடாக்கியதாகக் கட்சிக்காரர்கள் மேல் ஒன்று. ரோட்டை மறித்ததாகப் பெண்கள் மேல் ஒன்று. இரண்டு கட்டும் என் மேஜைக்கு வந்தன.

மூன்று மாதம் கழித்து, முதல் வழக்கைத் திரும்பப் பெறச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பொதுநலன் கருதி என்று மனு எழுதினேன். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. எல்லா ஆட்சியிலும் நடப்பதுதான்.

ஆனால் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. வழக்கு போய்விட்டது, கண் போனது போனதுதானே. டாக்டர் கொடுத்த சான்றிதழ் இருக்கிறது. சுருளிவேல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போடி பஸ் ஸ்டாண்டில் நடமாடுகிறார். பார்க்கிறவன் எல்லாம் இதைச் செய்தவன் எங்கே என்று கேட்பான். ஒரு கண் போயிருக்கிறது, யாருமே பொறுப்பில்லை என்று சட்டம் சொன்னால் ஜனங்களுக்குச் சட்டத்தின் மேல் மதிப்பு வருமா?

நிதானமாக யோசித்தேன். அந்த அம்மாள் ரோட்டில் உட்காராமல் இருந்திருந்தால் கூட்டம் இல்லை. பேரைச் சொல்லிப் பேசாமல் இருந்திருந்தால் அந்த முப்பது பேர் வந்திருக்கப் போவதில்லை. அவர்கள் வராவிட்டால் கல் இல்லை. அப்படியானால் அந்தக் கல் புறப்பட்ட இடம் எது? அந்த மைக். கல் ஒருவன் கண்ணோடு நின்றுவிடும். பேச்சு அப்படி நிற்காது, எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறும். கருப்பம்மாளே கல்லை எறிந்ததாக மேல்விசாரணை அறிக்கை தயார் பண்ணலாம் என்று இன்ஸ்பெக்டருக்கு ஆலோசனை சொன்னேன். ரோட்டு மறியல் வழக்கு கொலை முயற்சி வழக்கானது.

சுருளிவேலை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் பேசினேன்.

“கல்லை யாரு எறிஞ்சான்னு நீ பாத்தியா?”

“இல்ல சார். குனிஞ்சு கேனை இறக்கிக்கிட்டிருந்தேன்.”

“அப்ப அந்தம்மா எறியலேன்னு உன்னால சத்தியமாச் சொல்ல முடியுமா?”

“அக்கா எறியாது சார். அது கையில மைக்குல்ல இருந்துச்சு.”

“மைக்கு ஒரு கையிலதானப்பா இருக்கும்?”

 சட்டவிரோதமான கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுத்தவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் என்று வாதிட இடமிருக்கிறது என்பதையும், அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்பதையும் எடுத்துச் சொன்னேன். நான் மிரட்டியதாக இப்போது சொல்கிறாராம். சட்டத்தை விளக்குவது மிரட்டல் ஆகாது.

கருப்பம்மாளுக்கும் நான் ஒரு வழி திறந்துதான் வைத்தேன். நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்வதற்கு முந்தின வாய்தாவில், நீதிமன்ற வராந்தாவில் வைத்து, தங்கபாண்டியன் பேரைச் சொன்னது தப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கைநாட்டு வைத்தால் பிரிவைக் குறைக்கிறேன் என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கொண்டை முடிந்துகொண்டே பதில் சொன்னார்.

“நான் பேசுனது பேச்சு சார். அதைக் கல்லுங்கறது நீங்க.”

அவ்வளவுதான். போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

விசாரணையில் சுருளிவேல், பெண்கள் உட்கார்ந்திருந்த திசையைக் கைகாட்டி, அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது என்றார். கருப்பம்மாள் நின்ற கூண்டுப் பக்கம் திரும்பவே இல்லை. எஞ்சியிருந்த கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. காயம்பட்டவனின் கண்ணீர் என்று நீதிபதி எடுத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

எதிர்த்தரப்புக்கு ஒரே ஒரு சாட்சி, பிரின்ஸ். அடிவாரத்தில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறவர், கோயிலுக்கும் கடைக்கும் தவிர எங்கும் போகாத மனுஷன். அவர் கடை கேமரா ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கும். சம்பவம் நடந்த மூன்றாம் நாளே, போலீசை நம்ப முடியாது என்று நேரே என்னிடம் வந்து, அந்தப் பதிவை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். “நீங்க கவர்மெண்ட்டு வக்கீலு. உங்க கையில இருந்தா பத்திரம் சார்” என்றார். பத்திரமாகத்தான் வைத்தேன். கடையில் இருந்த பதிவு பதினைந்து நாளில் தானாக அழிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கூண்டில் ஏறி அதைச் சொன்னார். எழுந்து குறுக்கு விசாரணை செய்தேன்.

“அந்தப் பதிவை யாரிடம் கொடுத்தீர்கள்?”

“உங்க கையிலதான் சார் கொடுத்தேன்.”

“அதற்கு ரசீது வைத்திருக்கிறீர்களா?”

“ரசீதா? உங்ககிட்ட எதுக்கு சார் ரசீது?” என்றார் பிரின்ஸ். பின்வரிசையில் இருந்த இளம் வக்கீல்கள் சிரித்தார்கள். இந்தச் சாட்சி நம்பத்தகுந்தவர் அல்ல என்று தீர்ப்பில் இடம்பெற்றது.

தண்டனை சொல்வதற்கு முன் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டார்.

“எங்க ரோட்டுக்குப் பஸ்சு விட்டுட்டாங்களா ஐயா?”

“அதைக் கேட்கலம்மா. தண்டனையைப் பத்தி என்ன சொல்றீங்க?”

“அப்ப சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. உள்ள போட்டாப் போடுங்க. வெளிய வந்து அதே எடத்துலதான் உக்காருவேன்.”

ஏழு வருடம் கிடைத்தது. இரண்டு வருடமும் சில மாதமும் மதுரைச் சிறையில் இருந்தார். அதற்குள் ஆட்சி மாறி, என் பதவி போய், என் இடத்துக்கு வந்தவர் அலுவலகப் பீரோவைத் திறந்திருக்கிறார். உறையோடு பென் டிரைவ் இருந்தது. மேலே வழக்கு எண், தேதி, என் கையெழுத்து. போன வாரம் கருப்பம்மாளை ஜாமீனில் விட்டார்கள் என்றும், மறுநாள் காலையிலேயே அடிவாரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார் என்றும், இந்தத் தடவை சுருளிவேல் பக்கத்தில் இருந்தார் என்றும் பேப்பரில் படித்தேன். அந்த அம்மாள் திருந்தவில்லை பாருங்கள். நான் சொன்னது சரிதானே?

வருத்தமா? இல்லை. நாளைக்கே அந்த நாற்காலியைக் கொடுத்தாலும் இதையேதான் செய்வேன். ஊர் அமைதி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் என்றால், இழப்பதற்கு மகளும் இல்லாத ஒருவர் இருப்பது மற்றவர்களுக்கு நல்லது.

அந்தப் பதிவைப் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். பிரின்ஸ் கொடுத்த அன்றைக்கே, மதியம் சாப்பிட்டுவிட்டு, இரண்டு தடவை பார்த்தேன். கல்லை எறிந்தது தங்கபாண்டியனின் அக்கா மகன். வெள்ளைச் சட்டை, முகம் தெளிவாகத் தெரியும். அதே காட்சியில் கருப்பம்மாளும் இருக்கிறார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். ஆக, எல்லாம் தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தவன் அந்தப் பென் டிரைவை ஏன் அடுப்பில் போடவில்லை என்றுதானே உங்களுக்கு ஆச்சரியம்? ஐயா, சாட்சியத்தை அழிப்பது குற்றம். இத்தனை வருடத் தொழிலில் நான் ஒரு குற்றமும் செய்தவன் இல்லை.